அலை நடுவே துரையின் பட்டம்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்த காலமாம். அங்கே பெரிய துறைமுக அதிகாரியாக இருந்த துரையை அவர்கள் பாஷையில் ‘ஓப்பர்ஹாவன்மேஸ்டர்’ என்பார்கள். அந்தப் பட்டத்தின் மேல் அவருக்கு அத்தனை பெருமை.

ஒருநாள் அவர் கப்பலுக்குப் போகப் படகில் ஏறினார். துடுப்புப் போடுகிறவர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கும் வேம்புலி, “ஓப்பர்... ஹாவன்... மேஸ்டர்” என்று பிரித்துப் பிரித்துக் கும்பிட்டான்.

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. “என் பட்டத்தைத் துண்டு போடுகிறாயா? இன்று கப்பலுக்குப் போகும்வரை பாட்டுக்குப் பதில் என் பட்டத்தையே முழுசாகச் சொல். உடைத்தால் வேலை போய்விடும்!”

“ஆகட்டும் துரை.”

பாட்டில் ஒரு சொல் முடிந்தால்தான் துடுப்பு ஒருமுறை விழும். படகுக்காரர் வழக்கம் அது. வேம்புலி பட்டத்தை ராகம் போட்டு இழுத்தான். எல்லோரும் துடுப்பைத் தூக்கியபடியே காத்திருந்தார்கள். ஓர் அலை வந்து துரையின் தொப்பியைக் கொண்டுபோனது.

“துடுப்பைப் போடுங்கடா!”

“பட்டம் இன்னும் முடியலையே துரை!”

அதைவிடப் பெரிய அலை எழும்பியது. “ஐயோ, உடைச்சுத் தொலைடா!”

“ஓப்பர்!” துடுப்பு விழுந்தது. “ஹாவன்!” மறுபடி விழுந்தது. “மேஸ்டர்!” கடவுள் புண்ணியம், படகு அலையைத் தாண்டிவிட்டது.

திரும்பும்போது வேம்புலி பணிவாகக் கேட்டான். “இப்ப முழுசாச் சொல்லவா துரை?”

துரை படகை இறுகப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம்ப்பா, இன்னும் பொடிசா நறுக்கிக்கோ!”