நான்காவது சக்கரம்

மாரப்பன் கோயம்புத்தூரில் இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். போன தை மாதம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவருக்கு நினைவு தப்பியது. பஸ் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. இனி எந்த வண்டியையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். சாப்பிட உட்கார்ந்தால் இடது கால் கிளட்சைத் தேடியது. பார்த்துப் பார்த்துச் சலித்த மனைவி தெய்வானை, ஒருநாள் அவரை ஹசீனாவிடம் அழைத்துப் போனாள்.

ஹசீனாவுக்கு முப்பத்தொரு வயது. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். தெய்வானையின் பல்செட்டும் அவர் செய்ததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேஜையில், அதே அரங்களை வைத்து, பிளாஸ்டிக் கார் மாடல்கள் செய்வார். கற்றுக்கொள்ள ஐந்தாறு பேர் வருவார்கள். எல்லாருக்கும் அவர் டீச்சர். ஐம்பத்தாறு வயது மாரப்பனுக்கும் டீச்சர்தான்.

முதல் நாளே ஹசீனா ஒரு பிஸ்கட் டின்னை அவர் முன்னால் வைத்தார். பல மாடல் பெட்டிகளில் செய்தது போக மிஞ்சிய பாகங்கள் அதில் கிடந்தன.

"இதுல ஒரு ஹாட் ராட் செய்யுங்கண்ணா."

"அது என்ன வண்டிங்க?"

"பழைய காரோட கூரையை அறுத்துத் தாழ்த்தி, பெரிய எஞ்சினைத் தூக்கி வச்சு, மூடி போடாம ஓட்டுவாங்க. கடையில விக்காது. கிடைச்சதை வச்சு அவங்கவங்க செஞ்சுக்கறதுதான்."

நான்கு மாதம் ஆயிற்று. பிக்கப் வண்டியின் உடம்பு, பந்தயக் காரின் எஞ்சின், வேனின் பின்சீட்டில் பாதி. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. பின்சக்கரம் இரண்டும் இருந்தன. முன்சக்கரம்தான் ஒன்று குறைந்தது. வேறு வேறு சக்கரங்களை ஒட்டிப் பார்த்துப் பிய்த்தார். சட்டைப் பித்தானை வைத்துப் பார்த்தார். ஊரிலிருந்த பொம்மைக் கடை எல்லாம் ஏறி இறங்கினார். மாடல் வண்டிக் கண்காட்சிக்கு இரண்டு வாரமே இருந்தது. அந்த வாரம் முழுக்கத் தெய்வானைமேல் எரிந்து விழுந்தார்.

கண்காட்சிக்கு முந்தின வகுப்புக்கு, கதவு திறக்கும் முன்பே வந்து படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"டீச்சர், இது முடியாம எனக்குப் பைத்தியமே புடிச்சுரும்போல இருக்குங்க."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா மனசு அடங்கிருங்க."

ஹசீனா கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு கறுப்பு ஹாட் ராடை எடுத்தார். அவரே செய்தது; மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூரில் முதல் பரிசு வாங்கியது. அதைத் தொட யாரையும் விட்டதில்லை. குறட்டால் அதன் முன்சக்கரத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

டக்கென்றது. கூடவே கொஞ்சம் பெயிண்டும் பெயர்ந்து வந்தது. அறையில் எல்லார் கையும் நின்றுவிட்டது.

"ஐயோ, என்னங்க டீச்சர் இது!"

"அளவு சரியா இருக்கா பாருங்கண்ணா."

சரியாக இருந்தது.

கண்காட்சியில் கூட்டம் மாரப்பனின் வண்டியைச் சுற்றி நின்றது. இது எந்தக் கம்பெனி மாடல் என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. தெய்வானை செல்போனில் எட்டுப் படம் பிடித்தாள். வீட்டுக்கு வந்து டிவிக்குப் பக்கத்தில் வண்டியை வைத்தார்கள். மாரப்பன் எதிரே நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் பார்த்தார். புதன்கிழமை எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹசீனாவின் அறைக்குள் வந்தவர் நின்றபடியே பேசினார்.

"முடிஞ்சுதுங்க டீச்சர். ஒரு குறை இல்லை. ஆனா முன்னைக்கு இப்ப மோசமா இருக்கு. கையை எங்க வைக்கறதுன்னே தெரியலை."

"ம்."

"உங்க நல்ல வண்டியை வேற வீணாக்கிட்டேன். அதை நெனச்சா இன்னும் பதறுதுங்க."

ஹசீனா நிமிரவில்லை. மேஜை விளக்கின் கீழே கறுப்பு வண்டி மூன்று சக்கரத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் எஞ்சினைக் கழற்றியிருந்தார். கூரையும் பாதி அறுபட்டிருந்தது. அவர் மூக்கு நுனியில் பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருந்தது. பிஸ்கட் டின்னுக்குள் ஒரு விரலை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

மாரப்பன் தயங்கிக் கேட்டார். "அதை உடைச்சதுல உங்களுக்கு வருத்தமே இல்லைங்களா?"

"மூணு வருஷமா அலமாரியில நின்னு, அது என்னை ஒண்ணுமே கேக்கலைண்ணா," என்றார் ஹசீனா. "இப்பத்தான் கேக்குது. அந்தச் சின்ன அரத்தை எடுங்க."