சாவி போட்டுத் திறக்குற அருவி

ஒரு ஊர்ல ஒரு அருவி இருந்துச்சு. அந்த அருவிக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. சிரிக்காதடி, நெசமாத்தான் சொல்றேன். இந்தக் கதையைச் சொன்னாலே எனக்கு வயிறு எரியும். நீ ம் மட்டும் கொட்டு.

ம்.

ஆங். அந்த ஊரு நம்ம பக்கம் இல்லை. நார்வேன்னு ஒரு குளிர் தேசம். அங்க மலைக்கும் மலைக்கும் நடுவுல கடல் ஒரு சந்து மாதிரி உள்ள நுழைஞ்சு வந்திருக்கும். ஃபியோர்டுன்னு அதுக்குப் பேரு. கப்பல் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நிக்கும்னா பாத்துக்கோ. முழுக்க மரத்துலயே கட்டின பழைய சர்ச், கூரை மேல புல்லு மொளைச்ச வீடு, எல்லாத்தையும் பாக்க ஜனம் கப்பல் கப்பலா வரும்.

அந்த ஊர்ல சிக்னேன்னு ஒருத்தி. அறுபது வயசு, தனி ஆளு, முப்பது ஆடு. ஆத்துக்கு இந்தக் கரையில அவ குடிசை. அங்கதான் பெரிய செம்புப் பானையில ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் காய்ச்சி, நம்ம திரட்டுப்பால் நிறத்துக்கு சீஸ் செய்வா. ஆடுங்க மேயறதும் அடையறதும் அந்தக் கரையில. ஏன்னா இந்தக் கரையில புல்லே கிடையாது, பஸ்ஸு நிக்கறதுக்குத் தாரைக் கொட்டிட்டாங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வாளியைத் தூக்கிட்டு மரப்பாலத்து மேல தடதடன்னு போவா. சர்ர் சர்ர்னு பால் கறப்பா. திரும்பி வருவா. ம் எங்க?

ம்.

இப்ப அருவிக்கு வர்றேன். அந்த ஆத்துத் தண்ணியை மேல மலையிலேயே மறிச்சு, குழாய்ல விட்டு, கரண்ட்டு எடுத்துக்கிட்டாங்க. அருவி இருந்த இடத்துல காஞ்ச பாறைதான் மிச்சம். வர்ற ஜனத்துக்குப் பாறையையா காட்டுறது? அதுக்குன்னு ஒரு மேனேஜரைப் போட்டாங்க. ஆர்விட்னு பேரு. இஸ்திரி கலையாத சட்டை, பளபளன்னு ஷூ. சட்டைப் பையில சாவி. கப்பல் பாம்ம்ம்னு ஊதினதும், எல்லாரும் நின்னு பாக்குற மேடையில ஒரு பெட்டி இருக்கும், அதுல சாவியைப் போட்டுத் திருப்புவான். மேல மதகு திறக்கும். அப்புறம் ஹோன்னு தண்ணி. ஜனங்க கிளிக் கிளிக்னு போட்டோ எடுக்கும். ஒரு மணி நேரம் ஆனா டக்குன்னு மூடிடுவான். பக்கத்துல பலகை வேற எழுதி வெச்சிருக்கான், ஆயிரம் வருஷமா ஓயாத அருவின்னு. எப்படிப் புளுகுறான் பாரு.

சரி, அவன் புளுகினா புளுகிட்டுப் போறான்னு சிக்னே தன் வேலையைப் பாத்தா. ஒரு நாள் காலையில வாளியோட போறா, பாலத்தைக் காணோம்.

"தம்பி, பாலம் எங்கப்பா?"

"பிரிச்சுட்டோம்மா. போட்டோவுல குறுக்க விழுது, அருவி அழகா தெரியலை. தண்ணி இல்லாத நேரத்துல கல்லு மேல நடந்து போங்களேன்."

அவ வாய் திறக்கலை. அறுபது வயசுல வாளியைத் தூக்கிட்டுப் பாறைக்குப் பாறை தாவிப் போனா. அதுதான் அவ செஞ்ச தப்பு. அன்னைக்கே நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருக்கணும்.

அப்புறம் என்ன ஆச்சு, ஒரு மணி நேரம் ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. சாயங்காலப் பால் கறக்க நேரமாகுது, தண்ணி நிக்கவே இல்லை. சிக்னே மறுபடி போனா.

"தம்பி, ஆடெல்லாம் மடி கனத்து நிக்குது."

அதுக்கு அவன், "ஆட்டோட நேரத்தை மாத்திக்கோங்க. அப்படியே இதையும் போட்டுக்கோங்க"ன்னு ஒரு சிவப்புப் பாவாடை, பூ வேலை செஞ்ச ரவிக்கை எடுத்து நீட்டினான். "பழைய காலத்து உடுப்புல பால் கறந்தா வர்றவங்க பாத்து ரசிப்பாங்க."

கொழுப்பைப் பாத்தியா? சிக்னே அந்தத் துணியை அவன் மேஜை மேலயே வெச்சுட்டு வந்துட்டா. ஆனா அன்னைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டாளே தவிர ஒரு வார்த்தை பேசலை.

மூணாவதுதான் பெரிய கொடுமை. அவகிட்ட புள்ளின்னு ஒரு ஆடு இருந்துச்சு, குட்டி போட்டு மூணு வாரம், குட்டியைத் தனியா பிரிச்சாச்சு, முப்பதுலயும் அதிகப் பால் அதுக்குத்தான். அன்னைக்கு அஞ்சு மணிக்கு, யார்கிட்டயும் சொல்லாம, ரெண்டாவதா ஒரு கப்பல் வந்துச்சு. பாம்ம்ம். ஆர்விட் சாவியைத் திருப்பிட்டான். சிக்னே இந்தக் கரையில, ஆடுங்க அந்தக் கரையில. நடுவுல ஹோன்னு தண்ணி. ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி. அந்த ஊர்ல வெயில் காலத்துல பத்து மணிக்கும் பளீர்னு வெளிச்சம் இருக்கும்.

"அப்போ எப்படித் தூங்குவாங்க, அத்தை?"

கெட்டியா திரை போட்டுப்பாங்க. உன்னை மாதிரி குறுக்க கேள்வி கேக்க மாட்டாங்க. கேளு. அந்தக் கரையில ஆடெல்லாம் மே மேன்னு கத்துது. சிக்னே பாறை மேல ஏறி நின்னு, ரெண்டு கையையும் ஆட்டி, தண்ணியை நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்துறா. அருவி சத்தத்துல யாருக்குக் கேக்கும்? மேடையில ஆர்விட் என்ன சொன்னான் தெரியுமா? "அதோ பாருங்க, எங்க ஊர் ஆட்டுக்கார அம்மா உங்களை வரவேற்குறாங்க." நானூறு பேரும் சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கையாட்டினாங்க. கிளிக் கிளிக் கிளிக். படுபாவிப் பய.

தண்ணியை மூடினதும் சிக்னே விழுந்தடிச்சு ஓடினா. புள்ளி மடி கல்லு மாதிரி இறுகி, தொட்டா சுடுது. கறந்தா பால் திரிதிரியா வருது. ராத்திரி பூரா உக்காந்து சுடுதண்ணியில ஒத்தடம் குடுத்தா, மருந்து போட்டா. உயிர் பொழைச்சுது. ஆனா ஒரு காம்பு வத்திப் போச்சு. அந்தக் காம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் அவளுக்குக் கோவம் வந்துச்சு. அடக்க முடியாத கோவம்.

மறுநாள் காலையில பால் கறந்து முடிச்சா. அப்புறம் ஒரு மூட்டை உப்பை எடுத்துட்டுப் போய், ஆத்துக்கு நடுவுல, காஞ்ச பாறை பூரா தூவினா. ஆட்டுக்கு உப்புன்னா உசுரு. முப்பது ஆடும் இறங்கி வந்து சளப் சளப்னு நக்க ஆரம்பிச்சுதுங்க. சிக்னே நடுவுல முக்காலியைப் போட்டு உக்காந்துட்டா.

பன்னிரண்டு மணி. நேத்து வந்த கப்பல் கிளம்பலை, அதே நானூறு பேர் மழைக்கோட்டைப் போட்டுட்டு மேடைக்கு வந்தாச்சு. பாத்தா வெறும் பாறை, ஆடு, ஒரு அம்மா. ஆர்விட் கையில சாவி, திருப்ப முடியலை. திருப்பினா அத்தனை உசுரும் போயிடும். அதைப் பையில போட்டுட்டு ஒலிபெருக்கியை எடுத்தான்.

"சிக்னேம்மா, எழுந்திரிங்க. விருந்தாளிங்க காத்துட்டு இருக்காங்க."

"நேத்து என் ஆடுங்க காத்துட்டு இருந்துச்சுங்க"ன்னா.

முன்னாடி நின்ன ஒரு தொப்பிக்காரர் குனிஞ்சு கேட்டார், "அம்மா, அருவி எங்க?"

"அருவியா? அந்த ஆளு சட்டைப் பையில இருக்கு. கேட்டு வாங்கிக்கோங்க."

அப்புறம் பாலத்தைப் பிரிச்சது, மடி இறுகினது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னா. "நேத்து நான் உங்களை வரவேற்கலை. தண்ணியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்"ன்னா. கூட்டத்துல ஒரு பொண்ணு நேத்து எடுத்த போட்டோவைத் தேடி எடுத்து, பெருசு பண்ணிப் பாத்தா. பாத்துட்டுப் பக்கத்துல இருந்தவங்ககிட்ட காட்டினா. "இவங்க அழுதுட்டு இருக்காங்களே." அந்தப் போட்டோ கைக்குக் கை போச்சு. நானூறு பேரும் ஆர்விட் பக்கம் திரும்பினாங்க.

பளபள ஷூவோட பாறையில வழுக்கி வழுக்கி இறங்கி வந்தான். சிக்னே கையை நீட்டினா. சாவியைக் குடுத்துட்டான்.

"பாலம் போட்டு முடிக்கிற வரைக்கும் இது என்கிட்ட இருக்கும்."

"பாலம் போட ஒரு மாசம் ஆகும்மா."

"ஆகட்டும். எனக்கு அவசரம் இல்லை."

பதினோரு நாள்ல பாலம் வந்துடுச்சு. எப்படி வந்துச்சுன்னு கேக்காத, மனசு வெச்சா எல்லாம் வரும். பாலம் திறக்குற அன்னைக்கு ஊரே கூடியிருக்கு. ஆர்விட் பூங்கொத்தோட வந்து, போட்டோக்காரனைப் பக்கத்துல நிறுத்திக்கிட்டு, "சிக்னேம்மா, நடந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க"ன்னான்.

சிக்னே பூவை வாங்கலை. புள்ளியைக் கூட்டிட்டு வந்து அவன் முன்னாடி நிறுத்தினா. "வலிச்சது இதுக்கு. இதுகிட்ட கேளு."

கேட்டானா? கேட்டான். ஊரு பாத்துட்டு நிக்குதே. மண்டி போட்டு, ஆட்டு மூஞ்சியைப் பாத்து மன்னிச்சுக்கோன்னான். புள்ளி அவனைத் திரும்பிக்கூடப் பாக்கலை. அது பாட்டுக்குப் பாலத்து மேல நடந்து புல்லு மேயப் போயிடுச்சு.

புள்ளியும் அக்கரைக்குப் போயாச்சு, சாவியைத் திருப்பிக் குடுத்தாச்சு, சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. இதுக்கு மேல கதை இல்லை. ம் கூட வேணாம், கண்ணை மூடித் தூங்கு.