பக்கத்து அடுப்பின் மணம்

ஆற்றங்கரை மடத்து அம்மாவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் உபதேசம் வாங்கிக்கொண்ட அம்சவேணிக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. குரு சிஷ்யையை 'அக்கா' என்பார். சிஷ்யை குருவை 'அம்மா' என்பாள். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு இல்லை.

மடத்துக்கு மதியச் சோறு ஊரிலிருந்து முறை வைத்துப் போகும். செவ்வாய்க்கிழமை அம்சவேணி முறை. புதன்கிழமை அவள் கொழுந்தன் மனைவி சௌந்தரவல்லியின் முறை. இரண்டு குடும்பமும் இருந்தது ஒரே வீட்டில்தான். நடுவில் சுவர் எழுப்பி அடுப்பை இரண்டாக்கியிருந்தார்கள். சுவர் கூரையைத் தொடவில்லை. அதனால் பேச்சும் வாசனையும் தாராளமாகத் தாண்டி வரும்.

ஒருநாள் அந்தப் பக்கம் சோறு வெந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதண்டம், அம்சவேணியின் புருஷன், தலையை நிமிர்த்தி மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி வீட்டுச் சோறு என்னமா மணக்குது!"

வேறொன்றும் சொல்லவில்லை. இதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்சவேணிக்கு அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை. அந்தப் பக்கம் யாராவது சிரித்தால் தன்னைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. கரண்டி கீழே விழுந்தால்கூட வேண்டுமென்றே போட்டதாகத் தோன்றியது.

மடத்துக்குப் போனதும் கேட்டாள்.

"அம்மா, வீட்டுல வடிக்கிற சோறு மணக்க என்ன செய்யணும்?"

"யார் வீட்டுல மணக்குது?"

அம்சவேணி கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொட்டினாள்.

"அவ வீட்டுலதான். சீரகச் சம்பா வாங்கறா. போட்டுத் தேய்க்கிறதில்ல, பட்டும் படாம ரெண்டு தண்ணி அலசுறா. ஊற வெச்சு நல்லா வடிகட்டி, ஒரு கரண்டி நெய்யில ரெண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலையோட அரிசியைப் புரட்டுறா. அப்புறந்தான் கொதிக்கிற தண்ணி. காய் வேகவெச்ச சாறு இருந்தா அதையும் ஊத்துறா. உப்பும் அப்பவே. தண்ணி வத்தினதும் இறக்கி வெச்சு, மூடியத் தொடாம விட்டுடறா. நல்லா அடங்கினப்புறம் ஓரத்துல இருந்து கிளறுறா."

"இத்தனையும் அவளே சொன்னாளா?"

"அவளாவது, சொல்றதாவது! ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்."

அம்மா சிரித்துவிட்டார். "எல்லாந்தான் தெரிஞ்சிருக்கே. செய்ங்க அக்கா."

அம்சவேணி டவுனுக்குப் போய்ச் சீரகச் சம்பா வாங்கி வந்தாள். அதை எங்கே வைப்பது? அடுக்களையில் வைத்தால், காப்பிப்பொடி கடன் கேட்டு வருகிற சாக்கில் சௌந்தரவல்லி பார்த்துவிடுவாள். 'என்னைப் பார்த்துத்தானே அக்கா வாங்கினீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அப்புறம் உயிரோடு இருந்து என்ன பயன்? இரும்புப் பெட்டிக்குள், கல்யாணப் பட்டுகளுக்கு அடியில் அரிசியைப் பதுக்கிப் பூட்டினாள்.

விலை கூடிய அரிசி. புருஷனுக்கும் மடத்து முறைக்கும் மட்டும்தான் அதைப் பொங்கினாள். தனக்கு ரேஷன் அரிசி. குருவின் இலைக்குப் போவதை முன்னால் வாயில் வைத்தோ மோந்தோ பார்க்கக் கூடாது. அதனால் ருசி பார்க்கிற பேச்சும் இல்லை. மற்றபடி ஸ்டூலில் நின்று பார்த்ததில் ஒன்றுகூட விடாமல் செய்தாள்.

முதல் நாள் கோதண்டம் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"இன்னிக்குச் சோறு என்னமோ…"

"என்னமோன்னா? அவ பொங்கினா மட்டும் அமிர்தமோ?"

அவர் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், "வாய்க்கால் விஷயமா தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பினார். அதன் பிறகு வாய்க்காலில் தினமும் ஒரு விஷயம் இருந்தது. அதுவரை மணத்தை மட்டும் மோந்தவர், இப்போது அங்கேயே சாப்பிடுகிறார்!

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குப் பரிமாறிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ சோறு மாதிரி இருக்காம்மா?"

"இல்லக்கா."

சொல்லிவிட்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அடுத்த செவ்வாயும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வாரம் நெய்யை இரண்டு பங்காக்கிக்கொண்டு போனாள்.

"இப்பவாவது அவளுது மாதிரி வந்திருக்கா?"

"வரலைக்கா."

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சௌந்தரவல்லியின் குரல் வந்தது.

"அக்கா, மாமாவோட தட்டு இங்கயே இருக்கட்டுமா? கழுவிக் கவுத்துட்டேன். நாளைக்கும் வருவாரே, எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?"

வாய்க்கால் பேசப் போகும்போது கோதண்டம் கையோடு கொண்டுபோன, பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. அம்சவேணியின் தாய்வீட்டுச் சீர்.

மறுநாள் செவ்வாய். சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் கட்டிச் சூடு ஆறாமல் தூக்கிக்கொண்டு மடத்துக்கு நடந்தாள். இறக்கி வைத்ததும் அழுதாள்.

"அவர் தட்டு அவ அடுக்களையில கவுந்து கெடக்கு. முப்பது வருஷம் ஆக்கிப் போட்டவ நான். இனிமே அந்த வீட்டுல எனக்கு என்னம்மா இருக்கு?"

அம்மா எழுந்து ஓர் இலையை அவள் முன்னால் விரித்தார். பாத்திரத்தைத் திறந்து அவர் கையாலேயே சோறு வைத்தார்.

"ஐயையோ, நீங்க சாப்பிடாம நானா?"

"பசியோடதானே வந்தீங்க?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா…"

"சாப்பிடுங்கக்கா."

ஆவி பறக்கும் சோற்றில் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது. இலையை முகத்துக்கு நேரே தூக்கி மோந்து பார்த்தாள்.

"வசம்பு…"

அம்மா தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வசம்பு நாத்தம்மா! பூச்சி வராம இருக்கப் பட்டுப் பெட்டியில கை நிறைய வசம்பு போட்டிருந்தேன். அவ கண்ணுல படக் கூடாதுன்னு அரிசியை அதுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சேன். எல்லாம் அரிசியில ஏறிடுச்சே!" தலையில் அடித்துக்கொண்டாள். "பாவம் அந்த மனுஷன், சொல்ல வந்தாரு. நான்தான் வாயை அடைச்சேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். கோபம் வந்துவிட்டது.

"வாராவாரம் நீங்களும் இதைத்தானே சாப்பிட்டீங்க! சோறு நல்லால்லைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா தன் இலையை விரித்து, மீதிச் சோற்றைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

"சோறு எப்படி இருக்குன்னு நீங்க கேட்கவே இல்லையேக்கா. அவ சோறு மாதிரி இருக்கான்னுதானே கேட்டீங்க?"