கட் ஆஃப் கேட்க வந்தவள்

“நான் மறுபடியும் பிசிக்ஸ் எடுக்கவே போயிடறேன் மேடம்” என்றார் ஜெயசீலி.

ரஹ்மத் நிஷா சுண்டல் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

ஜெயசீலிக்கு ஐம்பது வயது. பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவர். நன்றாகப் படித்த பையன் ஒருவன் திடீரென்று வராமல் நின்றுவிட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்த அவரால் முடியவில்லை. மாணவர் ஆலோசகருக்கான படிப்பை அஞ்சல் வழியில் படித்து, ஆலோசகரான நிஷாவிடம் பயிற்சிக்கு வந்தார்.

குருவுக்கு வயது குறைவு. சிஷ்யையை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். யார் யாருக்குக் குரு என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான்.

“என்ன ஆச்சு டீச்சர்?”

“ஸ்கூல்ல ரூம் கொடுத்தாங்க. ‘கவுன்சிலிங் அறை’ன்னு போர்டும் மாட்டினாங்க. அதுதான் வினை. வர்றவங்க எல்லாரும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்னு நினைச்சு வர்றாங்க. கட் ஆஃப் எவ்வளவு, எந்தக் காலேஜ் கிடைக்கும்... கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

“மனசு விட்டுப் பேச யாரும் வரலையா?”

“ஒருத்தர்கூட வரலை.”

“கட் ஆஃப் கேட்கறவங்களை என்ன செய்யறீங்க?”

“அது இங்கே இல்லைன்னு கதவுல எழுதி ஒட்டிட்டேன். அப்பவும் விடறாங்களா? இன்னைக்கு ஒரு பொண்ணு, பவதாரணின்னு பேரு. காலையில வந்து கேட்டா, இல்லைன்னு அனுப்பினேன். மத்தியானம் மறுபடி வந்து அதையே கேட்கறா. சத்தம் போட்டுட்டேன்.”

“போயிட்டாளா?”

“உடனே போகலை. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போனா.”

“எந்த கிளாஸ்?”

“ஒன்பதாவது.”

நிஷா நிமிர்ந்து பார்த்தார்.

“ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைக்கு ஏது டீச்சர் கட் ஆஃப்?”

ஜெயசீலி வாய்க்குக் கொண்டுபோன சுண்டலைத் தட்டிலேயே போட்டார்.

மறுநாள் முதல் வேலையாகக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார். நேராக ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்.

பவதாரணி வரவில்லை.

கடவுளே, இன்னொரு பிள்ளையையும் விட்டுவிட்டேனா என்று ஜெயசீலி பயந்தார். பள்ளி வாசலில் போய் வெயிலில் நின்றுகொண்டார். காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை.

இரண்டாம் பாடவேளையும் முடிந்த பிறகு பவதாரணி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நழுவினாள்.

“கட் ஆஃப் கேட்டியேம்மா. வா, பார்க்கலாம்.”

“நீங்கதான் அது இங்கே இல்லைன்னு சொன்னீங்க மிஸ்.”

“தெரியாம சொல்லிட்டேன்.”

அறையில் அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஜெயசீலி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

“கணக்குப் போட நேரமாகும். பரவாயில்லையா?”

“பரவாயில்லை மிஸ்.”

வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலி பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

பவதாரணி எழுந்து கதவருகே போனாள்.

“இதைச் சாத்திடட்டுமா மிஸ்?”