முப்பதில் ஓடிய புதுச் சிப்பு

இதை எனக்கு முதலில் சொன்னது என் இளையவன் ஞானதுரை. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நான் முறுக்கு பிழிய, அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்போது பாளையங்கோட்டையில் வயலட்டிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தான். கையில் வைத்து ஆடும் கேம் மெஷின்களைப் பழுது பார்ப்பவள் அவள். ஒரு நாள் ஷெரின் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை இரண்டு மெஷினோடு வந்தாளாம். புதியது அவள் அண்ணனுடையது. அவனுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். மற்றது, அண்ணன் ஆடிப் பழசாகி இவளுக்கு வந்தது.

“அண்ணன் நாளைக்கு டெல்லிக்குப் படிக்கப் போறான். இனிமே அவன் அங்க, நான் இங்க இருந்துதான் கார் ரேஸ் ஆடணும். என் மெஷின் அதுக்கு ஈடு குடுக்குமாண்ணே?”

உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்பு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஞானதுரை பட்டென்று சொல்லிவிட்டான்.

“புதுசு நொடிக்கு அறுபது படம் காட்டும். உன்னுது முப்பதுக்கே மூச்சு வாங்கும்.”

பிள்ளை முகம் வாடிப்போயிற்று.

“அப்ப கொஞ்ச நாள்ல காலேஜ் பிள்ளைங்களோட ஆடப் போயிருவான்.”

வயலட் கைவேலையைக் கீழே வைத்தாள்.

“அட்டையில போட்டிருக்கத நல்லா ஒப்பிச்ச, தம்பி. அந்த ஆட்டத்தைப் போட்டு ஓட்டிப் பாத்தியா?”

ஓட்டினான். இரண்டிலும் முப்பது.

“புதுசுல ஏதோ கோளாறுக்கா.”

“செட்டிங்ஸைப் பாரு.”

பார்த்தான். மற்ற ஆட்டமெல்லாம் அறுபதில் ஓடின. கார் ரேஸுக்கு மட்டும் முப்பதுக்கு மேல் போகாதபடி வைத்திருந்தது.

“தெரியாம அமுக்கியிருப்பான். எடுத்து விட்டுரவா?”

வயலட் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். “ஏம்மா, இந்த ஆட்டத்தை அண்ணன் யார் யாரோட ஆடுவான்?”

“என்கூட மட்டுந்தான்க்கா.”

சொல்லிவிட்டு ஷெரின் தன் பழைய மெஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஞானதுரை செட்டிங்ஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அவள் போன பிறகு கேட்டானாம். “அப்ப ரெண்டு சிப்பும் ஒண்ணுதானாக்கா?”

“அதெப்படி? அண்ணனுதுதான் பெருசு. குறைஞ்சு ஓட அதாலதானே முடியும்?”



டெல்லியில் இப்போது நல்ல குளிர் என்கிறார்கள். ராத்திரி ஜெபத்தில் அங்கே படிக்கப் போன அந்த அண்ணன்காரனுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.