ஆண்டுக்குப் பெயர் வைக்கும் நாடு

ஒரு விடுகதை. பன்னிரண்டு வாசல் வைத்த வீடு ஒன்று. உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்ததில்லை. வெளியே வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போனதில்லை. அது என்ன வீடு?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை கதைக்குள்ளே கிடக்கிறது.

மலைகளுக்கு நடுவே தேன்வரை என்றொரு சின்ன நாடு. அங்கே ஆண்டுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். ஆண்டின் கடைசி நாளில் நாடே மந்தைவெளியில் கூடும். ஆண்டுசொல்லி கல்மேடையில் ஏறி, அந்த ஆண்டில் நாட்டில் நடந்ததையெல்லாம் சொல்வார். பிறந்தவர்களின் பெயரைச் சொல்வார், ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "வந்தார்!" என்று குரல் கொடுக்கும். இறந்தவர்களின் பெயரைச் சொல்வார்; கூட்டம் "இருந்தார்!" என்னும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையானாலும் அன்றைக்கு 'ஆர்'தான்.

அதன் பிறகு, அந்த ஆண்டு முதல் பல் விழுந்த பிள்ளைகளில் சீட்டுக் குலுக்கலில் வந்த ஒரு பிள்ளை எழுந்து ஆண்டுக்குப் பெயர் வைக்கும். வைத்தது வைத்ததுதான். அரசரும் மாற்ற முடியாது.

"நான் பட்டத்துக்கு வந்தது பலாப்பழம் உருண்டோடிய ஆண்டில்" என்று அரசரே சிரிக்காமல் சொல்வார். அவருக்குப் பழகிவிட்டது.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் சமவெளிப் பேரரசனிடமிருந்து ஓர் ஓலை வந்தது. 'இனி உங்கள் ஆண்டுகளை நான் பிறந்த நாளிலிருந்து எண்ணுங்கள். பிள்ளைகள் பெயர் வைத்து விளையாடியது போதும்.'

முடியாது என்றது தேன்வரை. படை வந்தது. மழைக்காலம் முழுக்கக் கணவாயில் சண்டை. கடைசியில் பேரரசனின் படை வந்த வழியே ஓடியது. இப்போது சமாதான ஓலையோடு அவனுடைய தூதர் சத்திரத்தில் காத்திருந்தார். ஓலையில் எல்லாம் எழுதியாகிவிட்டது. ஆண்டின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

கணவாயில் ஒரு காவல் அணிக்குத் தலைவனாக நின்றவன் ஆதன். தம்பி சாத்தனை அங்கேதான் பறிகொடுத்தான். சண்டை முடிந்ததும் வாளைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆண்டுசொல்லி வெண்ணி அம்மாளிடம் சீடனாகச் சேர்ந்தான்.

வெண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "இந்தத் தடவை நீ சொல்லு" என்றார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், வெண்ணியின் முற்றத்தில் ஆதன் சொல்லிக் காட்டினான். கணவாய்ச் சண்டையை அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிட்டது. மற்றதெல்லாம் கஞ்சி வடிப்பதற்குள் முடிந்தது.

"மூத்த அரசி காலமானது?" என்று கேட்டார் வெண்ணி.

"சொன்னேனே அம்மா."

"மூச்சு விடறதுக்குள்ளே சொன்னே. தொங்குபாலம் கட்டினது?"

"அதுவும் சொன்னேன்."

"ஆடு?"

"எந்த ஆடு?"

"அரண்மனைக் கூரையில ஏறிக்கிட்டு இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சதே, அந்த ஆடு."

"அதையுமா சொல்லணும்? அம்மா, இது நாம ஜெயிச்ச வருஷம்!"

"ஆடு ஏறிச்சா, இல்லையா?"

"ஏறிச்சு."

"அப்போ சொல்லு."

வெண்ணி இலை போட்டுச் சோறும் கீரையும் பரிமாறினார். முதல் கவளம் சப்பென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த கவளத்தில் ஆதனுக்கு நாக்கு சுருண்டுகொண்டது.

"உப்பைக் கலக்கவே இல்லையா?"

"அளந்துதானே போட்டேன்."

"அத்தனையும் ஒரே இடத்துல கிடக்கு!"

"உன்கிட்டே கத்துக்கிட்ட சமையல்" என்றார் வெண்ணி.

ஆதன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு சொன்னான்: "என் தம்பி செத்த இடம் அது."

"தெரியும்."

"'கணவாய் வென்ற ஆண்டு'ன்னு பேர் விழுந்தா, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைங்க எல்லாம் ஏன்னு கேக்கும். கேக்கறப்பல்லாம் சாத்தன் பேரு வரும். அந்தப் பேரரசனும் தன் முத்திரைக்குப் பக்கத்துல அதைப் படிப்பான். நான் கேக்கறது பெரிசா?"

வெண்ணி அவன் இலைச் சோற்றை எடுத்து நன்றாகப் பிசைந்து, மறுபடி அவன் முன்னால் வைத்தார்.

சாப்பிட்டுவிட்டு ஆதன் நேரே குயவர் தெருவுக்குப் போனான். சீட்டில் வந்த பிள்ளை தும்பியின் வீடு அங்கேதான். கிணற்றடியில் களிமண்ணில் கோழி செய்துகொண்டிருந்தாள். சிரித்தபோது முன்பல் வரிசையில் ஒரு சன்னல் தெரிந்தது.

"தும்பி, நாளைக்கு என்ன பேர் வைக்கப் போறே?"

"நாளைக்குத்தானே மாமா கேப்பாங்க?"

"'கணவாய் வென்ற ஆண்டு.' எப்படி இருக்கு?"

"நீளமா இருக்கு."

ஆதன் மடியிலிருந்து ஓலைக்கொட்டானை எடுத்துப் பிரித்தான். உள்ளே கருப்பட்டி.

"எனக்குப் பல்லு இல்லையே. கடிக்க வராது" என்றாள் தும்பி. "சப்பலாமா?"

"சப்பலாம். நாளைக்கு அந்தப் பேரைச் சொன்னா."

தும்பி கருப்பட்டியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சொல்லலேன்னா?"

அவனுக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது. வெண்ணி இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார்.

"பேரரசன் படையோட வந்து கேட்டதை, நீ கருப்பட்டியோட வந்து கேக்கறே."

அவ்வளவுதான் சொன்னார். கிணற்றில் வாளியை இறக்கினார்.

ஆதன் குனிந்து, கருப்பட்டியைக் களிமண் கோழிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சும்மாவே வெச்சுக்கோ, தாயி."

"பேரு?"

"அது உன்னோடது."

மறுநாள் மந்தைவெளியில் எள் போட்டால் எள் விழாது. மரக்கிளைகளில் எல்லாம் பிள்ளைகள். முன்வரிசையில் அரசர். அவருக்குப் பக்கத்தில் தூதர், ஓலையும் எழுத்தாணியுமாக.

ஆதன் கல்மேடையில் ஏறினான். வழக்கம்போல விடுகதையில் தொடங்கினான்.

"பன்னிரண்டு வாசல் வீடு. உள்ளே போனவங்க எல்லாரும் வெளியே வந்ததில்லை. வெளியே வந்தவங்க எல்லாரும் உள்ளே போனதில்லை. அது என்ன வீடு?"

"ஆண்டு!" என்று மரங்களெல்லாம் கத்தின.

சின்ன வயதில் சாத்தன்தான் எப்போதும் முதலில் கத்துவான். ஆதன் மேலே சொன்னான்.

ஓலை வந்ததைச் சொன்னான். நாடு முடியாது என்றதைச் சொன்னான். தொங்குபாலத்தில் முதல் ஆளாக நடந்த கிழவர் பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டதைச் சொன்னான். கணவாயை அதன் அளவுக்குச் சொன்னான். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது, பறைகள் அதிர்ந்தன. ஆர்ப்பரிப்பு அடங்கியதும் ஆட்டைச் சொன்னான். காவலர்கள் ஏணி வைத்ததையும், ஆடு ஏணியை முட்டித் தள்ளியதையும், அரசரே கீழே நின்று "பே... பே..." என்று கூப்பிட்டுப் பார்த்ததையும் சொன்னான். அரசர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். தூதர்கூடச் சிரிப்பை அடக்க மேலே பார்த்தார்.

பிறந்தவர்களைச் சொன்னான். வந்தார், வந்தார், வந்தார்! கணவாயில் சண்டை நடந்த மழைநாட்களில் பிறந்த பிள்ளைகள்தான் அதிகம். தாய்மார்கள் அவர்களைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள்.

இறந்தவர்களைச் சொன்னான். மூத்த அரசி. இருந்தார்! பாம்பு கடித்த தேன்காரர். இருந்தார்! பேர் வைக்கும் முன்னே போய்விட்ட குயவர் தெருக் குழந்தை. இருந்தார்! கணவாயில் விழுந்தவர்கள், ஒவ்வொருவராக. கடைசியில்,

"சாத்தன்."

"இருந்தார்!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. உயிரோடு இருந்தவரை அந்தப் பயலை யாரும் மரியாதையாகக் கூப்பிட்டு ஆதன் கேட்டதில்லை.

மேடையிலிருந்து இறங்கி வெண்ணியின் பக்கத்தில் வந்து நின்றான். தும்பியை அவள் அப்பா தூக்கி மேடையில் விட்டார். தூதர் எழுத்தாணியை ஓலையில் ஊன்றினார்.

"அம்மா" என்றான் ஆதன் மெல்ல. "கணவாய்னு சொல்லுவாளா?"

"அவளா என்ன சொன்னாலும் அது கணவாய்தான். அதுக்குத்தானே நீங்க அங்கே நின்னீங்க" என்றார் வெண்ணி.

ஆடு கூரை ஏறிய ஆண்டு என்று சொன்னாள் தும்பி.