மடுவைக் காத்த நீர்நாய்

காட்டாற்றின் கரையில் கருமூக்கன், சுழியன் என்று இரண்டு நீர்நாய்கள் இருந்தார்கள். அண்ணன் தம்பிகள். மூத்தவன் கருமூக்கனுக்கு நாணல் என்ற மனைவியும் இரண்டு குட்டிகளும் உண்டு. சுழியன் தனிக்கட்டை. ஆனால் சாப்பாடு எப்போதும் அண்ணன் வளையில்தான்.

அந்த ஆற்றில் ஒரு கசம் இருந்தது. கரிய, ஆழமான நீர். கொழுத்த மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். முதலையும் அங்கேதான் படுத்திருக்கும். அதனால் ஒருவன் பாறைமேல் நின்று காவல் பார்ப்பான், மற்றவன் முங்குவான். முதலை அசைந்தால் பாறையில் இருப்பவன் வாலால் தண்ணீரைப் பட்டென்று அடிப்பான். முங்கியவன் அந்தக் கணமே கரையேறிவிடுவான். சில நாள் ஆளுக்கொரு மீன் கிடைக்கும். சில நாள் எல்லோருக்குமாக ஒன்றே ஒன்று. அந்த நாட்களில் தலை யாருக்கு, வால் யாருக்கு என்று வளையே அமளிப்படும்.

ஒரு ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தது. வடிந்த பிறகு, ஆற்றைவிட்டு வெகுதூரத்தில், கோரைப் புதருக்குப் பின்னால் கருமூக்கன் ஒரு மடுவைக் கண்டான். வெள்ளம் விட்டுப்போன தண்ணீர். உள்ளே விராலும் கெண்டையும் நெருக்கியடித்துக்கொண்டு நெளிந்தன.

மறுநாளே மனைவியையும் குட்டிகளையும் அங்கே கூட்டி வந்துவிட்டான்.

"சுழியனைக் கூப்பிடவில்லையா?" என்று கேட்டாள் நாணல்.

"பிறகு பார்க்கலாம்!" என்றான் அவன்.

முதல் சில நாட்கள் கொண்டாட்டமாகப் போயின. பிறகு கருமூக்கனுக்குப் பயம் பிடித்தது. கொக்கு பறந்தால் பயம். புதரில் கீரி ஓடினால் பயம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மடுவைச் சுற்றிச் சுற்றி வந்தான். நின்றபடியே எதையோ விழுங்கினான்.

குட்டிகள் தண்ணீரில் துள்ளினால், "சத்தம் போடாதீர்கள்! மேலே போகிற கொக்குக்குக் கேட்டுவிடும்!" என்று சீறினான். குட்டிகள் வயிறு நிறையத் தின்றுவிட்டு, ஆளுக்கொரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

கோடை வந்தது. ஆறு மெலிந்தது. ஒரு நாள் சுழியன் விலா எலும்பு தெரிய வந்து நின்றான்.

"அண்ணா, மூன்று நாளாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கெண்டை கொடு, போதும்."

"இன்று உனக்குக் கொடுத்தால் நாளைக்குக் காடே வந்து நிற்கும்! இதெல்லாம் என் குட்டிகளுக்கு!"

சுழியன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி அண்ணா. நான் கசத்துக்குப் போகிறேன்."

"தனியாகவா?" என்று பதறினாள் நாணல்.

சுழியன் நிமிர்ந்தான். அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று கருமூக்கனுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்கொத்தி மடுவின்மேல் சாய்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. "ஏய்! போ!" என்று கத்திக்கொண்டு அவன் அதைத் துரத்த ஓடினான். திரும்பி வந்தபோது தம்பி போய்விட்டிருந்தான்.

மறுநாள் காலையில் நாணல் குட்டிகளை அழைத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள்.

"அங்கே என்ன இருக்கிறது? இங்கேதான் வயிறு நிறைகிறதே!" என்றான் கருமூக்கன்.

"நிறைகிறது. ஆனால் இங்கே வந்ததிலிருந்து நீங்கள் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. குட்டிகள் உங்களைக் கண்டாலே ஒடுங்கிக்கொள்கிறார்கள். இந்தச் சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை."

"இவ்வளவையும் விட்டுவிட்டு எப்படி வருவது?"

நாணல் குட்டிகளை முன்னால் போகவிட்டாள். பிறகு நடந்தாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. மடு வற்றிக் குழம்பானது. கெண்டைகள் வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தன. ஒரு காலையில் பார்த்தால் மடு முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. நாற்றம் குமட்டியது. பருந்துகள் இறங்கின. கருமூக்கன் அவற்றைத் துரத்தவில்லை. சுடுமணலில் கால் பொசுங்க ஆற்றை நோக்கி நடந்தான்.

மணல்திட்டில் நாணலும் குட்டிகளும் இருந்தார்கள்.

"சுழியன் எங்கே?" என்று கேட்டான்.

பக்கத்தில் நின்ற நாரைதான் சொன்னது. "உன்னிடம் வந்துவிட்டுப் போன அன்றே கசத்தில் இறங்கினான். இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை பாறையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அவன் மேலே வரவே இல்லை."

கருமூக்கன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய சின்ன மகள் தும்பி அன்று ஒரு நண்டு பிடித்திருந்தாள். சின்ன நண்டு. அதை உடைத்து நான்காகப் பங்கு வைத்தாள். ஓட்டோடு ஒட்டிய பெரிய துண்டை அப்பாவின் முன்னால் தள்ளினாள்.

"சாப்பிடுங்கள் அப்பா. எனக்கு இந்தக் கால் போதும்" என்று அவன்மேல் சாய்ந்துகொண்டாள்.

அவன் வாயில் போட்டான். பல்லிடுக்குக்குக்கூடப் போதாத துண்டு அது. ஆனாலும் மடுவில் விழுங்கிய எந்த விராலும் அவனுக்கு இப்படி ருசித்ததில்லை. இன்னும் ஒருவனுக்கு இதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அது கடைசிவரை கீழே இறங்கவே இல்லை.

குவித்து வைத்ததைக் காப்பதற்காகக் கூட இருந்தவர்களைக் கைவிடுகிறவன், அன்போடு பகிர்ந்து உண்ணும் ஒரு கவளத்தின் மகிழ்ச்சியைக் காலம் கடந்த பிறகே அறிகிறான்.